ஒரே தாளில் அடங்கிய தண்ணீர்ப் பட்டியல்

எங்கள் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் கமக்காரர் அமைப்பின் செயலாளர் வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. என்னை விட்டால் ஆளில்லை என்று கூட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள், அது உண்மையும்கூட. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினைந்து வயதில் பிறத்தியாரின் உழவு இயந்திரத்தில் ஏறினேன், இருபத்தாறில் சொந்த இயந்திரத்தில் ஏறினேன். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது என்னிடம் ஒரு சைக்கிளும் இரண்டு கையும்தான் இருந்தன. இன்றைக்குத் தர்மபுரத்துப் பக்கம் அறுவடை என்றால் முதலில் என் வெட்டு மெசினைத்தான் கேட்பார்கள். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் எழுதுவார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அறுபத்தெட்டு வயதில் கணினி பழகியதையும் அந்தப் பெருமையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தைத் தொட்டால் திறக்கும், பொத்தானை அமத்தினால் ஓடும் என்கிற கணினி அல்ல. அதைச் சின்னப் பிள்ளையும் செய்யும். நான் பழகியது கறுப்புத் திரை. அதில் ஒரு வெள்ளைக் கோடு மினுங்கிக்கொண்டு நிற்கும். நாங்கள் ஒரு வரி எழுதி அனுப்பினால் அது ஒரு பதில் தரும். சரியாக எழுதினால் சரியான பதில். பிழையாக எழுதினால், எந்த இடத்தில் பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லும். மனிதர்களிடம் எனக்குப் பிடித்த குணமும் அதுதான்.

பழகிய இடம் சந்தியில் இருக்கிற இரும்புக்கடை. கடைக்காரர் என் வயதுக்காரர், முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம். ஊரை விட்டுப் போய்ப் பல வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டவர். நான் அவரை நானா என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். யார் மூத்தவர் என்ற கேள்விக்கு இன்னும் முடிவில்லை. அவருடைய மருமகன் வெளிநாடு போகமுன், கடையில் எத்தனை குழாய், எத்தனை கிலோ ஆணி கிடக்கிறது என்று பார்க்கத் கணினியில் தரவுத்தளம் ஒன்றைப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். தரவுத்தளம் என்றால் ஒன்றுமில்லை, கட்டம் போட்ட பெரிய கொப்பி. அந்தக் கொப்பி கணினிக்குள் இருக்கும், கேட்டதை மட்டும் எடுத்துக் காட்டும். நான் ஒரு மாதம் ஆணி வாங்கும் சாட்டில் அங்கே போய்க் கதிரையில் இருந்து பார்த்தேன். பிறகு நானாவிடம் சொன்னேன், இதே சாமானை என்னுடைய பழைய மடிக்கணினியிலும் போட வேண்டும், குளத்துக் கமக்காரர் எல்லோரையும் நான் இதற்குள் அடைக்கப் போகிறேன் என்று. மருமகன் தொலைபேசியில் வழி சொல்ல, அரை நாளில் வேலை முடிந்தது. அந்த மடிக்கணினி பாரமான எதையும் தாங்காது, ஆனால் இது பஞ்சு மாதிரி ஏறிக்கொண்டது.

ஆங்கில எழுத்தை நான் ஒவ்வொன்றாகத்தான் வாசிப்பேன். அதனால் ஒரு கொப்பியில் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தேன். முதலில் நான் பட்டியலைக் கேட்டபோது அது வந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். பங்கு இலக்கம், பெயர், வாய்க்கால், ஏக்கர் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, நடுவில் ஒரு நெட்டைக் கோடு மட்டும் போட்டு வந்தது. ஒரு வரி நீளம், ஒரு வரி கட்டை. எங்கே பெயர் முடிகிறது, எங்கே வாய்க்கால் தொடங்குகிறது என்று விரல் வைத்துத் தேட வேண்டும். சாய்ந்து விழுந்த முள்ளுக்கம்பி வேலி மாதிரி இருந்தது.

அதை நிமிர்த்துவதற்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு. அவை எல்லாம் ஒரு புள்ளியில் தொடங்கும். புள்ளி வைத்து ‘ஹெடர்ஸ் ஒன்’ என்று அடித்தால் மேலே தலைப்பு வரும். புள்ளி வைத்து ‘மோட் கொலம்’ என்று அடித்தால் விடயங்கள் நிரல் நிரலாக நிற்கும். புள்ளி வைத்து ‘விட்த்’ என்று அடித்து எண்களைக் கொடுத்தால் ஒவ்வொரு நிரலுக்கும் எத்தனை எழுத்து அகலம் என்று நாங்களே தீர்மானிக்கலாம். இந்தக் கட்டளைகள் கணினிக் கொப்பியில் உள்ளதை ஒரு எழுத்தும் மாற்றாது. காட்டுகிற விதத்தை மட்டும் மாற்றும் என்று என் கைக் கொப்பியிலும் குறித்து வைத்தேன். மழை பெய்து வேலை இல்லாத ஒரு நாள், உதவிக் கட்டளையை அடித்து, அது காட்டிய விதங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ‘லைன்’ என்று ஒன்று இருந்தது. அதைப் போட்டால் ஒரு ஆளின் விபரம் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இறங்கும், பிறகு இடைவெளி, பிறகு அடுத்த ஆள். கைக் கொப்பியில் அதற்கு நேரே எழுதினேன்: உபயோகமில்லை, தாள் நட்டம். ‘கொலம்’ என்பதற்கு நேரே இரண்டு கோடு போட்டேன்.

போன சிறுபோகத்துக்கு, கோடையில் செய்யும் சின்ன விதைப்புக்கு, குளத்தில் தண்ணீர் மட்டு. கூட்டத்தில் பெரிய வாக்குவாதம் இல்லாமலே முடிவாகியது: ஒரு ஆளுக்கு ஒரு பங்குத் தண்ணீர், ஒரு பங்குக்கு ஒரு ஏக்கர். மூன்று பங்கு வைத்திருப்பவருக்கும் ஒன்றுதான். சித்திரையில் பெய்த மழையோடு எல்லோரும் உழுதுவிட்டிருந்தார்கள். விதைப்புக்குக் குளத்து மதகை, எங்கள் ஊர்ச் சொல்லில் துருசை, திறக்கும் நாளும் குறித்தாயிற்று, வியாழக்கிழமை காலை. செயலாளர் பட்டியல் தர வேண்டும், நீர்ப்பாசனத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் அதைப் பார்த்துக் கையெழுத்து வைத்துப் பொதுநோக்கு மண்டபத்துப் பலகையில் ஒட்டுவார், துருசுக்காரர் அதன்படி வாய்க்காலைத் திறப்பார்.

பட்டியலில் நாற்பத்தொரு வரி. நான் இதுவரை இந்த ஊர் காணாத ஒரு பட்டியலைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். பங்கு இலக்கம், பெயர், வாய்க்கால், ஏக்கர், நெல்லினம், விதைப்புத் திகதி, ஆறு நிரல். எல்லாம் ஒரே தாளில் அடங்க வேண்டும். எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும், வயதுபோனவர்கள் பலகைக்குக் கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கக் கூடாது. நிரல்கள் நூல் பிடித்த மாதிரி நிற்க வேண்டும். நான் அகல எண்களை மாற்றி மாற்றிப் போட்டேன். நெல்லினத்துக்குக் கொஞ்சம் கூட்டினேன், பெயரில் கொஞ்சம் குறைத்தேன். பெயருக்குப் பன்னிரண்டு என்று வைத்தபோது எல்லாம் தாளுக்குள் வந்து சேர்ந்தது. சரியா என்று முதல் வரியைப் பார்த்தேன். முதல் வரியில் இருப்பது நான். என் தகப்பனார் பெயரும் என் பெயரும் முழுமையாக அழகாக நின்றன. போதும் என்று அச்சடிக்கக் கொடுத்தேன். கடையில் அதை எடுத்துப் பார்த்த நானா, கல்யாண அழைப்புக் காட்டு மாதிரி இருக்கு அண்ணை என்றார். நான் அந்தத் தாளை மடிக்காமல், மோட்டார் சைக்கிளில் அட்டைக்குள் வைத்துக் கொண்டுபோய் உத்தியோகத்தரிடம் கொடுத்தேன். அவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், ஊருக்குப் புதிது. இவ்வளவு துப்புரவான பட்டியலைத் தான் கண்டதில்லை என்றார். நானும் கண்டதில்லை என்று நான் சொன்னேன்.

புதன்கிழமை காலை ஒன்பது மணியிருக்கும். நான் முற்றத்தில் வெட்டு மெசினின் பட்டியை இறுக்கிக்கொண்டிருந்தேன். படலையைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தா. நாற்பத்தெட்டு, ஐம்பது வயது இருக்கும். தனியாகக் கமம் செய்கிறவா. தகப்பன் குடியேற்றக் காலத்தில் குடாநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிய முதல் ஆட்களில் ஒருவர். அவர் போனபிறகு காணி இரண்டாகி, ஒரு ஏக்கர் தமையனுக்கும் ஒரு ஏக்கர் இவாவுக்கும் வந்தது. வயல் வரம்புத் தகராறில் அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. வாசலில் நின்றபடியே கேட்டா.

“அண்ணை, நான் செத்துப்போனனானோ?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பலகையில் ஒட்டின பட்டியலில் தன்னுடைய வரியைச் சிவப்புக் கோடு போட்டு வெட்டியிருக்கிறது என்றா. தமையனுடைய வரி அப்படியே இருக்கிறதாம். திங்கட்கிழமை விதைநெல்லை ஊறப்போட்டாவாம். இப்போது நெல் வடித்துச் சாக்கில் கட்டிக் கிடக்கிறது, முளை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: முளை கட்டின நெல் ஒரு நாள் பொறுக்கும், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குள் சேற்றில் எறியாவிட்டால் முளை நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிறகு கோழிக்குத்தான். அவாவிடம் இருந்த விதைநெல் அவ்வளவும் அந்தச் சாக்குகளில்தான்.

உத்தியோகத்தர் புதியவர், தெரியாமல் கோடு கீறியிருப்பார், நான் போய் இரண்டு கேள்வி கேட்டால் சரி என்று பெரிதாகச் சொன்னேன். உண்மையில் எனக்குக் கோபம் வந்தது. என் பட்டியலில் யார் சிவப்புப் பேனை வைப்பது? மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். பலகைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பதின்மூன்று வரிகள் வெட்டிக் கிடந்தன. எல்லோரும் என்னைப் பார்த்துத் திரும்பினார்கள். நான் உள்ளே போய் உத்தியோகத்தரிடம், தம்பி, என்ன இது, ஊரில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களை வெட்டி வைத்திருக்கிறீர் என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. தாளின் நகலை மேசையில் விரித்துக் காட்டினார். ஒரு ஆளுக்கு ஒரு பங்கு என்று உங்கள் கூட்டம்தான் எடுத்த முடிவு, இந்தப் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு தரம், சில பெயர் மூன்று தரம் வருகிறது, முதலாவதை விட்டு மற்றதை வெட்டினேன் என்றார். சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. தாளைக் குனிந்து பார்த்தேன். அவர் விரல் வைத்த இடத்தில் அந்தப் பெண்ணின் தகப்பனார் பெயர் இருந்தது. கீழே இன்னொரு வரியில் அதே பெயர். மகளின் பெயரும் இல்லை, மகனின் பெயரும் இல்லை. பெயருக்கு நான் வைத்த பன்னிரண்டு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தான் பன்னிரண்டு மணிக்குக் கிளிநொச்சிக்கு ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டும், இனித் திங்கட்கிழமைதான் இந்தப் பக்கம் வருவேன் என்று அவர் சொன்னார். கையெழுத்தில்லாமல் துருசுக்காரர் ஒரு சொட்டும் விடமாட்டார். வேறு வேறு ஆட்கள்தான் என்று காட்டுகிற பட்டியல் பன்னிரண்டுக்கு முன் வந்தால் மாற்றிக் கையெழுத்து வைக்கிறேன் என்றார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பதே முக்கால்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரே கேள்விதான். வெட்டுப்பட்டது தாளிலா, கணினிக் கொப்பியிலா? கணினிக்குள் இருந்த பெயர்களையே நான் தறித்துவிட்டேனா? நாற்பத்தொரு வரியையும் ஒற்றை விரலால் அடித்துச் சேர்க்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது. அது போயிருந்தால், இரண்டு மணித்தியாலத்தில் வீடு வீடாகப் போய்ப் பெயர் கேட்க முடியாது.

எங்கள் ஆட்கள் பெயர் எழுதும் முறையை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு. கல்யாணம் முடித்த பெண் என்றால் புருஷன் பெயர் முன்னுக்கு. அடையாள அட்டையிலும் காணிப் பத்திரத்திலும் அப்படித்தான். அப்படியிருக்க, பெயரின் பின்பக்கத்தை வெட்டினால் மிஞ்சுவது தகப்பன் மட்டும்தான் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? என் தகப்பனார் பெயர் மூன்றெழுத்து. அதைப் பார்த்து நான் ஊர்த் தகப்பன்மார் எல்லோரையும் அளந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் தகப்பனுக்குச் சொந்த ஊர்க் கோயில் சாமியின் முழுப்பெயரையும் வைத்திருந்தார்கள். அது ஒன்றே பன்னிரண்டைத் தின்றுவிட்டது.

மடிக்கணினியைத் திறந்தேன். அவசரத்தில் புள்ளிக் கட்டளைகள் ஒன்றையும் கொடுக்க நினைவு வரவில்லை. நேரே பட்டியலைக் கேட்டுவிட்டேன். பழைய கோலத்தில் வந்து விழுந்தது, நெட்டைக் கோடு, கோணல் மாணல், முள்ளுக்கம்பி வேலி. ஆனால் அதற்குள் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. தகப்பன் பெயர் முழுவதும், அதற்குப் பிறகு அவாவின் பெயர் முழுவதும், கடைசி எழுத்தின் மேல் வைக்கும் குற்றுப் புள்ளி வரைக்கும். தமையன் பெயரும் இருந்தது. மற்ற வரிகளையும் மேலோட்டமாகப் பார்த்தேன். ஒருத்தரும் போகவில்லை. அகலத்தைக் குறைத்தது கண்ணுக்குக் காட்டுவதை மட்டும்தான் வெட்டியிருக்கிறது. நானே கைக் கொப்பியில் எழுதி வைத்ததை நானே மறந்திருந்தேன். எழும்பி நின்று வேட்டியை இறுக்கிக் கட்டினேன். குசினிக்குள் இருந்த மனைவி எட்டிப் பார்த்து, என்ன, அழுகிறீங்களோ சிரிக்கிறீங்களோ என்று கேட்டா. இரண்டும் இல்லை, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சந்திக்கு ஓடினேன். ஊரில் அச்சு இயந்திரம் நானாவிடம்தான் உண்டு.

நானா கதை முழுவதையும் கேட்டார். பிறகு கடையிலிருந்த தகரம் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து மேசையில் என் முன்னால் வைத்தார்.

“அண்ணை, இனி இதுவும் உங்களிட்டயே இருக்கட்டும். நான் தகரம் மட்டும்தான் வெட்டுறன். நீங்கள் தகப்பனை விட்டுட்டுப் பிள்ளையளை எல்லோ வெட்டியிருக்கிறீங்கள்.”

பதில் சொல்ல நேரமில்லை. பெயருக்கு இருபது என்று அகலம் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் பெயரில் முன்பாதி மட்டும் தெரிந்தது. விரல் விட்டு எண்ணினால் பெயர் முழுவதும் இருபதுக்குள்தான் வருகிறது, பிறகேன் வெட்டுகிறது? நானாவும் நானும் மாறி மாறி எண்ணினோம். அப்போதுதான் பிடிபட்டது, இந்த மெசின் எழுத்தோடு ஒட்டி வரும் கொம்பையும் அரவையும் குற்றையும் தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது. நாங்கள் ஒன்று என்பதை அது இரண்டு என்கிறது. சரி, எண்ணிக்கொள், எனக்கென்ன என்று நாற்பது கொடுத்தேன். இப்போது பெயர்கள் முழுவதும் வந்தன. ஆனால் அச்சடித்த தாளில் வரி நீண்டு, வலப்பக்கம் இடமில்லாமல் நெல்லினமும் திகதியும் மடிந்து அடுத்த வரியில் விழுந்தன. ஒருவருடைய திகதி இன்னொருவருடைய பெயருக்கு மேலே நின்றது. இதைக் கொண்டுபோனால் உத்தியோகத்தர் மிச்ச ஆட்களையும் வெட்டுவார். எழுத்தைச் சிறிதாக்கலாம் என்றார் நானா. ஆக்கினோம். எறும்பு ஊர்ந்த மாதிரி வந்தது. துருசுக்காரருக்கு வலது கண்ணில் பூ, அவர் இதை எப்படி வாசிப்பார்?

மணி பத்தே முக்கால். வெளியே அந்தப் பெண் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றா. மண்டபத்திலிருந்து என்னைத் தேடி வந்திருக்கிறா. ஒன்றும் கேட்கவில்லை. சும்மா நின்றா. கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கொப்பியைப் புரட்டினேன். கட்டளைகள் ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டு போனேன். ‘லைன்’. உபயோகமில்லை, தாள் நட்டம். என் கையெழுத்துத்தான்.

அடித்தேன். புள்ளி, மோட், லைன். பிறகு பட்டியலைக் கேட்டேன். ஒவ்வொரு ஆளும் தனித்தனியாக இறங்கினார்கள். இடப்பக்கம் தலைப்பு, நடுவில் சமன் அடையாளம், வலப்பக்கம் விடயம். பங்கு இலக்கம் ஒரு வரி. பெயர் ஒரு வரி, எவ்வளவு நீளமென்றாலும் அந்த வரி முழுவதும் அதற்கே சொந்தம். வாய்க்கால் ஒரு வரி, ஏக்கர் ஒரு வரி, நெல்லினம், திகதி. பிறகு வெறும் இடம். பிறகு அடுத்த ஆள். ஒருவரை ஒருவர் இடிக்கவில்லை. எழுத்தையும் பெரிதாக்கினோம், அப்போதும் மடியவில்லை. விடையை ஒரு கோப்பில் எழுதச் சொல்லி இன்னொரு புள்ளிக் கட்டளை உண்டு. அதைக் கொடுத்து அச்சுக்கு அனுப்பினேன். ஏழு தாள் வந்தது. கடைசித் தாளில் மை மங்கிவிட்டது, நானா மைக் கூட்டைக் கழற்றி நான்கு தரம் குலுக்கித் திரும்பப் பூட்டினார். தாளுக்கு ஒன்றும் தர வேண்டாம், கத்தரிக்கோலை மட்டும் திருப்பித் தாங்கோ என்றார்.

பதினொன்றரைக்கு மண்டபத்தில் இருந்தோம். அந்தப் பெண் சைக்கிளில் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தா. வெட்டுப்பட்ட மற்றவர்களும் வாசலில் கூடிவிட்டார்கள். அவாவின் தமையனும் நின்றார், தன் வரி வெட்டுப்படவில்லை என்றாலும். உத்தியோகத்தர் முதல் தாளைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார், இரண்டாம் தாளைப் பார்த்தார். அந்த அண்ணன் தங்கையின் இடத்துக்கு வந்ததும் இரண்டு பெயரையும் மெதுவாக வாசித்தார்.

“இது ஒரே ஆள் இல்லையே. அப்ப முதல் பட்டியல்ல என்ன நடந்தது, ஐயா?”

வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மெசின் பிழை என்று சொல்லலாம். அங்கே ஒருவருக்கும் மெசினைப் பற்றித் தெரியாது, சொன்னால் நம்புவார்கள். அது நாக்கு வரைக்கும் வந்தது. எனக்கு எழுபது வயதாகப் போகிறது, இந்த ஊரில் ஒரு பிழையை என் பிழை என்று ஒத்துக்கொண்டது எனக்கு ஞாபகமில்லை. ஆனால் மெசின் பிழை என்று சொன்னால், இந்த ஏழு தாளையும் அவர் எப்படி நம்புவார்? அதுவும் அதே மெசினிலிருந்து வந்ததுதானே.

“மெசின்ல பிழையில்லை, சேர். ஒரே தாளில அடக்கவெண்டு பேரை நான்தான் வெட்டினனான்.”

அவரை நான் சேர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம். வாசலில் யாரோ கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. கதிரையைக் காட்டி இருங்கோ ஐயா என்றார். பிறகு சிவப்புக் கோடு போட்ட பழைய தாளையும் புதுத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பங்கு இலக்கம் பங்கு இலக்கமாகச் சரி பார்த்தார். ஒவ்வொரு ஆளாகத் திருப்பிச் சேர்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அந்தப் பெண்ணுடையது நான்காவது. பேனையால் சரி போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பன்னிரண்டு பேர் திரும்பி வந்தாயிற்று. பதின்மூன்றாவதில் நின்றுவிட்டார்.

இதில் தகப்பன் பெயரும் அதே, சொந்தப் பெயரும் அதே என்றார். பட்டியலின் கடைசி வரி. நான் எழும்பிப் போய்ப் பார்த்தேன். என் பெயர். முதல் வரியிலும் நான், கடைசி வரியிலும் நான். பழகிய காலத்தில், சேர்க்கிற கட்டளை வேலை செய்கிறதா என்று பார்க்க என் பெயரையே ஒரு தரம் போட்டுப் பார்த்திருக்கிறேன். அதை அழிக்க மறந்துபோனேன். ஊரிலேயே உண்மையில் இரண்டு தரம் இருந்தவன் நான் ஒருவன்தான். அந்த ஒரு சிவப்புக் கோட்டைப் பற்றி மட்டும் உத்தியோகத்தரிடம் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்னாலேயே சரியாக வெட்டியிருக்கிறார்.

இப்போது அவரும் சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தா, அன்று முதல் தரமாக. நானும் சிரித்தேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நான் சிரித்தது வீட்டுக்கு வந்தபிறகு. அப்போது எனக்கு இருந்தது ஆறுதல் மட்டும். தலையில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போலக் கழுத்து நேராக நின்றது. ஏழு தாளிலும் கையெழுத்து வைத்தார். பலகையில் ஒரே தாள் இருந்த இடத்தில் ஏழு தாள் தொங்கின. பார்க்க அழகில்லை. ஆனால் வயதுபோனவர்கள் தூரத்தில் நின்றே தங்கள் பெயரை வாசித்தார்கள், தகப்பன் பெயரிலிருந்து தொடங்கி முடிவுவரைக்கும், சிலர் சத்தமாக.

வியாழன் காலை துருசு திறந்தது. அந்தப் பெண்ணின் வயல் வாய்க்காலின் நடுக்கூற்றில் இருக்கிறது, தண்ணீர் மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. சேற்றைப் பலகை அடித்து மட்டமாக்கி, வெள்ளி காலை விதைத்தா. நான் வேறு ஒரு வேலையாக அந்த வரம்பால் போனேன் என்று அங்கே நின்றவர்களிடம் சொன்னேன். அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. சாக்கை அவிழ்த்தபோது முளை அரிசியளவுக்கு நீண்டிருந்தது, சில இடத்தில் கொஞ்சம் பின்னியிருந்தது. அவா கையால் உதிர்த்து உதிர்த்துக் கடகத்தில் போட்டு எடுத்தா. தமையன் தன் பக்கத்து வரம்பில் நின்று, தண்ணீர் தன் பக்கம் கூடுதலாகப் பாயாமல் மண்வெட்டியால் தன் வாய்க்கால் வாயை மண் போட்டு அடைத்துக்கொண்டிருந்தார். பேசவில்லை. ஆனால் தண்ணீரை இவாவின் பக்கம்தான் விட்டார், அதை நான் கண்டேன்.

என்னைக் கண்டதும் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டா.

“அண்ணை, பெரும்போகத்துக்கும் ஏழு தாள்தானோ?”

ஓம் என்றேன். பெரும்போகத்துக்குப் பங்குக் கட்டுப்பாடு இல்லை, எல்லோருடைய எல்லாப் பங்கும் வரும், பதினைந்து தாளும் வரலாம் என்றேன். என்னைத் தவிர இந்த ஊரில் அதை யார் செய்வார் என்றும் சேர்த்துச் சொன்னேன், அது உண்மைதானே. அவா தலையாட்டிவிட்டுச் சேற்றுக்குள் இறங்கி, இடக்கைப் பக்கத்து மூலையிலிருந்து எறியத் தொடங்கினா.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் கறுப்புத் திரையைத் திறந்து, கடைசி வரியில் இருந்த என்னை அழித்தேன். கொப்பியில் ‘லைன்’ என்பதற்கு நேரே எழுதியிருந்ததைக் கோடு போட்டு வெட்டிவிட்டு, பக்கத்தில் புதிதாக எழுதினேன். ஊருக்குக் காட்டுவதென்றால் இதில்.